சுங்கம் கேட்காத பாலம்

இணையத் தணிக்கையைக் கடந்து செல்வதற்காக அமைக்கப்படும் நுழைவாயில்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு தேவைகளுக்கு நடுவே நிற்கின்றன. தணிக்கைக்கு ஆளான எவரும், முன்பின் அறிமுகம் இல்லாதவராயினும் கணினிப் பழக்கம் குறைந்தவராயினும், அவற்றின் முகவரியைக் கேட்டுப் பெற வழி இருக்க வேண்டும். அதே முகவரி தணிக்கை செய்வோரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த நுழைவாயில் அன்றே அடைபட்டுவிடும் என்பதால், அது எளிதில் அகப்படாததாகவும் இருக்க வேண்டும். கேட்டு வருபவர் யார் என்று விசாரிக்கவும் இயலாது, ஏனெனில் விசாரணைக்கு அஞ்சித்தான் அவர் இந்த வழியை நாடுகிறார். தணிக்கை அலுவலர் ஒருவர் தம் கையால் ஒவ்வொரு முகவரியாகக் கேட்டு வாங்கினால் அந்த வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 'பாட்' என்று வழங்கும் தானியங்கி நிரலை ஏவிவிட்டாலோ, அது இரவு பகல் பாராமல், ஆயிரம் பேர் கேட்பது போல வேடமிட்டு, இருக்கும் முகவரிகள் அனைத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். நிரலைத் தடுக்க வைத்த பூட்டு உதவி தேடி வந்த மனிதரையும் வெளியே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி, கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைக்க வைத்திருக்கிறது.

இத்தகைய நுழைவாயிலுக்கு இத்துறையினர் வைத்திருக்கும் பெயர் 'பிரிட்ஜ்', அதாவது பாலம். மும்பையில் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அடுத்திருக்கும் மாஹிமில் வாழ்வோருக்குப் பாலம் என்றவுடன் நினைவுக்கு வரக்கூடியது, மாஹிமைப் பாந்திராவோடு இணைக்கும் காஸ்வே. 1840களில் அது கட்டி முடிக்கப்படும் வரை அங்கிருந்த கழியைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது; மழைக்காலத்தில் அந்தப் பயணம் ஆபத்தானது. பாலத்துக்கு அரசிடம் பணம் பெயராத நிலையில், பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேலான தொகையைத் தாமே கொடுத்து, கடந்து செல்வோரிடம் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தார். மாஹிமின் ஊடே ஓடும் லேடி ஜம்ஷெட்ஜி சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்த நிபந்தனை வெறும் தாராள மனத்தின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. சுங்கம் எவ்வளவு சிறியதாயினும் அது எல்லோரையும் ஒரே அளவில் தடுப்பதில்லை; வண்டியில் போகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தலைச்சுமையோடு நடந்து வருகிறவரை அது கரையிலேயே நிறுத்திவிடும். இணையத்தின் பாலங்களைக் காக்க வைக்கப்படும் சோதனைகளையும் இந்தக் கண்கொண்டு பார்த்தால்தான் அவற்றின் தராதரம் விளங்கும்.

மாஹிமுக்கும் இணையத் தடைக்கும் உள்ள தொடர்பு வேறொரு கசப்பான நிகழ்விலிருந்து வருகிறது. 2006 ஜூலை 11ஆம் நாள் மாலை, மேற்கு ரயில்வேயின் புறநகர் ரயில்களில் பதினொரு நிமிட இடைவெளிக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு, மாஹிம், பாந்திரா உள்ளிட்ட நிலையங்களை ஒட்டி நடந்த அந்த வெடிப்புகளில் ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். செல்பேசி இணைப்புகள் திணறிய அந்நாட்களில், மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் பற்றியும் காணாமற்போனோர் பற்றியும் செய்தி திரட்டித் தருவதற்கு வலைப்பதிவர்கள் சிலர் 'மும்பை ஹெல்ப்' என்ற பதிவைப் பயன்படுத்தினர். இரண்டு நாள் கழித்து மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, குறிப்பிட்ட சில இணையப் பக்கங்களை முடக்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணை அனுப்பியது. பட்டியல் சிறியதுதான். ஆனால் அதில் இருந்த சில பக்கங்கள் பிளாக்ஸ்பாட் போன்ற பொதுத் தளங்களில் இருந்தவை. ஒரே கட்டடத்தில் ஆயிரம் குடித்தனங்கள் இருப்பதுபோல, அத்தளத்தின் இலட்சக்கணக்கான பதிவுகள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஐபி முகவரி என்பது இணையத்தில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண். ஒரு குடித்தனத்தைப் பூட்டச் சொன்னதற்கு நிறுவனங்கள் கட்டடத்தின் வாயிலையே பூட்டிவிட்டதால், பட்டியலுக்குத் தொடர்பே இல்லாத பதிவுகள் அனைத்தும், துயரில் இருந்த நகரத்துக்கு உதவிக்கொண்டிருந்த அந்தப் பதிவும், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து எட்டாமற் போயின. எதிர்ப்பு எழுந்த பிறகே, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் தடுக்குமாறு துறை விளக்கம் கொடுத்தது.

தடை நீடித்த நாட்களில் இந்தியப் பதிவர்களுக்குக் கைகொடுத்தது பாகிஸ்தானில் உருவான ஒரு வழி. அதே ஆண்டின் தொடக்கத்தில் பிளாக்ஸ்பாட்டுக்குப் பாகிஸ்தானில் தடை விழுந்தபோது அங்குள்ள பதிவர்கள் 'பிகேபிளாக்ஸ்' என்ற இடைத்தளத்தை அமைத்திருந்தனர். படிக்க விரும்பும் பக்கத்தின் பெயரை இடைத்தளத்திடம் சொன்னால் அது தானே போய் அப்பக்கத்தை எடுத்து வந்து கொடுக்கும்; வாசகரின் சேவை நிறுவனத்துக்கு இடைத்தளத்தின் பெயர் மட்டுமே தெரியும் என்பதால் தடை அங்கே செயலற்றுப் போகும். எல்லைக்கு அப்பால் ஒரு தடையைக் கடக்கக் கட்டிய பாலத்தின் வழியே இந்தியர்கள் தங்கள் தடையைக் கடந்தார்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது. அந்தப் பாலத்தின் பெயர் செய்தித்தாள்களில் வந்தது, மின்னஞ்சல்களில் பரவியது, யாருக்கும் மறைக்கப்படவில்லை. தடுப்பவர் அசட்டையாக இருந்த காலம் அது. அவர் சற்றே முனைந்திருந்தால் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்திருப்பார், பாலம் போயிருக்கும்.

அதன் பின் தடுப்பவரின் முனைப்பு வளர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009இன் தடை விதிகளும் அரசுக்கு முறையான அதிகாரம் அளித்தன. தடைக் கோரிக்கைகளை இரகசியமாக வைக்க வேண்டும் என்று அவ்விதிகளில் பதினாறாவது கூறுவதால், எது ஏன் தடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. 2012இல் '3' திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணையைச் சேவை நிறுவனங்கள் விரித்துப் பொருள்கொண்டதில் விமியோ போன்ற முழுத்தளங்களே முடங்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்கலாம் என்று நீதிமன்றம் பின்னர் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. இலங்கையில் தமிழ்நெட் தளம் 2007 ஜூனில் முடக்கப்பட்டது; 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டத்தின்போது முக்கியச் சமூக ஊடகங்கள் பல மணி நேரம் நிறுத்தப்பட்டன. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட இணையம் 2020 ஜனவரி இறுதியில் மிகக் குறைந்த வேகத்தில், அனுமதிக்கப்பட்ட சில நூறு தளங்களுக்கு மட்டும் திறக்கப்பட்டபோது, மக்கள் விபிஎன் எனப்படும் மறைவழிச் செயலிகளை நாடினர். அடுத்த மாதமே அவற்றைப் பயன்படுத்திச் சமூக ஊடகங்களை அணுகியோர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. கம்பியே அறுக்கப்பட்ட இடத்தில் எந்தப் பாலமும் உதவாது. கம்பியை விட்டுவைத்து வாசல்களை மட்டும் பூட்டும் இடத்தில்தான் பாலங்களுக்கு வேலை.

அத்தகைய பாலங்களில் அதிகம் ஆராயப்பட்டவை டோர் என்ற வலையமைப்பைச் சேர்ந்தவை. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண்ணத்திலிருந்து வளர்ந்து, 2006 முதல் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றால் பேணப்படும் டோர், பயனரின் போக்குவரத்தை மூன்று கணினிகள் வழியே, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்கான மறையாக்கத்தோடு அனுப்புகிறது. இந்தக் கணினிகளைத் தன்னார்வலர்கள் உலகெங்கும் நடத்துகிறார்கள். அவற்றின் பட்டியல் வெளிப்படையானது, ஏனெனில் பயனரின் நிரல் அதைப் பார்த்துத்தான் தன் பாதையைத் தேர்ந்துகொள்ளும். தணிக்கை செய்வோருக்கு இது மிகவும் வசதி. பட்டியலை இறக்கி, அதில் உள்ள முகவரிகளைத் தடுத்துவிட்டால் போதும். இதற்கு மாற்றாகவே பட்டியலில் சேர்க்கப்படாத நுழைவுக் கணினிகள் வந்தன. பிரிட்ஜ் என்பது இவற்றின் பெயர். பொதுப் பட்டியலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இருக்க, பாலங்களோ ஏறத்தாழ இரண்டாயிரம்தான். இந்த இரண்டாயிரத்தை யாருக்கு, எப்படி, எத்தனை கொடுப்பது என்பதில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

ஒரு பாலத்தின் முகவரி எப்படி இருக்கும் என்பதை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். முதலில் பாலத்தின் வகைப்பெயர். அடுத்து, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களும் ஒரு முக்காற்புள்ளியும் இன்னோர் எண்ணும். அதன்பின் அக்கணினியை அடையாளம் காட்டும், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 40 குறிகள். இறுதியில், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விரவிய, எவ்வகையிலும் பொருள் தராத இன்னொரு நீண்ட சரம். இவ்வளவும் ஒரே வரி. இதில் ஓர் எழுத்து பிசகினாலும் இணைப்பு கிடைக்காது. தாராவியின் ஓர் ஒற்றை அறையில், திரை விரிசல் விட்ட செல்பேசியில், தமிழும் இந்தியும் பேசி ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர் இந்த வரியைத் தட்டச்சிட முயல்வதை எண்ணிப் பார்த்தால், எளிதில் எட்டுவது என்பதற்கு இத்துறையில் என்ன பொருள் என்பது புரியும். இப்போது முகவரியைக் கட்டக் குறியீடாகவும் பகிர முடிகிறது என்பதும், டோர் உலாவி ஒவ்வொரு பாலத்துக்கும் நான்கு சிறு படக்குறிகளைக் காட்டி, இருவரிடமும் இருப்பது ஒரே பாலமா என்று எழுத்தறியாதவரும் ஒப்பிட வழி செய்திருக்கிறது என்பதும் சின்ன மாற்றங்கள் போலத் தோன்றலாம். தடைக்குள் இருப்பவருக்கு அவை சின்னவை ஆகா.

பாலங்களைக் கொள்ளையிட முடியும் என்பதைச் சீனா காட்டியது. மக்கள் சீனத்தின் அறுபதாம் ஆண்டு விழாவை ஒட்டி, 2009 செப்டம்பர் இறுதியில், டோரின் பொதுக் கணினிகளோடு இணையதளம் வழியே வழங்கப்பட்ட பாலங்களும் அங்கே தடுக்கப்பட்டன. மின்னஞ்சல் வழியே வழங்கப்பட்டவை சில மாதங்கள் பிழைத்திருந்தன. 2010 மார்ச்சில் அவையும் போயின. இரு வழிகளும் வெவ்வேறு காலத்தில் வீழ்ந்தது தற்செயல் இல்லை. பாலங்கள் முன்கூட்டியே தனித்தனிக் குவியல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன: ஒரு குவியல் இணையதளத்துக்கு, ஒன்று மின்னஞ்சலுக்கு, இன்னொன்று நம்பகமானவர்கள் கையால் கொடுப்பதற்கென ஒதுக்கி வைத்தது. ஒரு குவியல் முழுவதும் பறிபோனாலும் மற்றவை தப்பும் என்பதே ஏற்பாடு.

குவியலுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. தமிழ் வாசகருக்கு அதை ரேஷன் கடையைக் கொண்டு விளக்கிவிடலாம். ரேஷன் கடையில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் இவ்வளவு அரிசி என்று அளவு இருக்கிறது. அட்டைதாரர் பத்து முறை வரிசையில் நின்றாலும் பங்கு கூடுவதில்லை. பாலங்களை வழங்கும் நிரலும் அப்படித்தான் செயல்படுகிறது. கேட்பவரின் ஐபி முகவரி எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்த வட்டாரத்துக்கென ஒரு கணித வாய்பாட்டால் தீர்மானிக்கப்பட்ட இரண்டு மூன்று பாலங்களை மட்டும் அது தருகிறது. அதே இடத்திலிருந்து ஒரு நிரல் இலட்சம் முறை கேட்டாலும் அந்தக் காலக்கெடு முடியும்வரை அதே இரண்டு மூன்றுதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். இங்கே கேட்பவர் மனிதரா நிரலா என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தவர் யார் என்று சோதிப்பது ஒரு முறை. வெளியே போகும் அளவைக் கட்டுப்படுத்துவது வேறொரு முறை. இரண்டாவது முறை எளியவரிடம் எதையும் கேட்பதில்லை. அதன் குறை, பல்லாயிரம் வட்டாரங்களில் ஐபி முகவரிகளைத் தன் வசம் வைத்திருக்கும் ஓர் அரசுக்கு இந்தப் பங்கீட்டை ஏமாற்றுவது கடினம் இல்லை என்பது.

அக்குறையை ஈடுகட்டவே முதல் முறையும் சேர்க்கப்பட்டது. அதன் பெயர் கேப்சா. வளைத்தும் நெளித்தும் கிறுக்கலுக்கு நடுவே புதைத்தும் காட்டப்படும் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சிட்டால், கேட்டவர் மனிதர் என்று கணினி ஒப்புக்கொள்ளும். இப்பெயரை லூயிஸ் வான் ஆன், மானுவல் ப்ளம் முதலிய கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் வழங்கினர். டோர் அமைப்பு தொடக்கத்தில் கூகுளின் ரீகேப்சாவைப் பயன்படுத்தியது. கூகுளே தடுக்கப்பட்ட நாட்டிலிருந்து வருபவருக்கு அது எவ்வளவு பொருத்தம் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது, 2014 அளவில் அது கைவிடப்பட்டுத் தானே உருவாக்கிய படப்புதிர்களுக்கு அமைப்பு மாறியது. புதிர் எங்கிருந்து வந்தாலும் அதன் அடிப்படைக் கோளாறு தீரவில்லை. படிக்கச் சொல்லப்படும் எழுத்துகள் ஆங்கில எழுத்துகள்; சிறிய 'எல்' எழுத்தா எண் ஒன்றா என்று ஆங்கிலம் நன்கறிந்தவரே திகைக்கும் நெளிவில், அதைப் பள்ளியோடு விட்டவர் என்ன செய்வார்? பார்வையற்றவருக்கோ படம் என்பதே சுவர்தான். அவருடைய திரைவாசிப்பான் படிக்க முடியாதபடிதான் படம் அமைக்கப்படுகிறது, ஏனெனில் திரைவாசிப்பானும் ஒரு நிரல், அதற்குப் புரிந்தால் 'பாட்' நிரலுக்கும் புரிந்துவிடும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2005லேயே இதைச் சுட்டிக்காட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது.

மனிதரை இப்படி வருத்தியதற்கு ஈடாக நிரல்களாவது நின்றனவா என்றால் அதுவும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 1,400 பேரைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரைவிட நிரல்களே புதிர்களை விரைவாகவும் பிழை குறைவாகவும் விடுவிக்கின்றன என்று தெரிந்தது. அதற்கும் முன்பே வேறொரு வழி திறந்திருந்தது. பாட் ஒரு புதிரில் முட்டிக்கொண்டால், அந்தப் படத்தை எங்கோ இருக்கும் கூலியாள் ஒருவருக்கு அனுப்பி, அவர் தட்டச்சிட்ட விடையை வாங்கிச் சில நொடிகளில் ஒட்டிவிடும் தொழில் அது. அதே பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் 2010இல் இத்தொழிலை ஆராய்ந்தபோது, ஆயிரம் புதிர்களை விடுவித்தால் கிடைக்கும் கூலி அரை டாலர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கூலியாட்கள் எந்த நாட்டவர் என்று ஊகிக்க அவர்கள் வெவ்வேறு மொழிகளில் அமைந்த புதிர்களை அனுப்பிப் பார்த்தனர். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று, திரைப்படத்துக்காகக் கற்பனையாக உருவாக்கிய கிளிங்கான் மொழியும் ஒன்று. இந்த விவரம் மனத்தை உறுத்துவது. ஓர் அரசு நினைத்தால் அரை டாலரில் ஆயிரம் முறை கடந்துவிடும் சோதனையை, கண் மங்கிய ஒரு முதியவர் ஒருமுறைகூடக் கடக்க முடியாமல் திரும்புகிறார் என்றால், அந்தச் சோதனை யாருக்கு எதிராக வைக்கப்பட்டதோ அவரை விட்டு, யாருக்காகப் பாலம் கட்டப்பட்டதோ அவரையே பிடிக்கிறது.

இதற்கு இணையான அனுபவம் இந்தியாவில் ரேஷன் கடை வாசலிலேயே உண்டு. போலிகளைத் தடுக்கக் கைரேகைக் கருவி வைக்கப்பட்டபோது, தோல் பதனிட்டும் களிமண் பிசைந்தும் கல் உடைத்தும் ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காமல், உரிமை உள்ளவர்களே வெறும் பையோடு திரும்பிய செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்தன. ஆளைச் சோதிக்கும் எந்த முறையும் உழைத்துத் தேய்ந்தவரையும் வயதானவரையும்தான் முதலில் தோற்கடிக்கும். பாலங்களைக் காப்போர் இதை மறக்கக் கூடாது.

அடையாளத்தை அடகு கேட்கும் முறைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். மின்னஞ்சலில் பாலம் கேட்போர் ஜிமெயில், ரைஸ்அப் ஆகிய இரு சேவைகளிலிருந்து மட்டுமே எழுதலாம் என்று டோர் வைத்திருக்கும் விதி, ஆயிரக்கணக்கில் புதுக் கணக்குகளைத் திறப்பது அங்கே கடினம் என்பதை நம்பி நிற்கிறது. கடினம் ஏன் என்றால், பெரிய நிறுவனங்கள் கணக்குத் திறக்கத் தொலைபேசி எண்ணைக் கேட்பதுண்டு. இந்தியாவில் தொலைபேசி எண் வாங்க அடையாளச் சான்று வேண்டும். 2021 டிசம்பரில் ரஷ்யா டோரைத் தடுத்தபோது அமைப்பு டெலிகிராம் செயலி வழியேயும் பாலங்களை வழங்கத் தொடங்கியது. அங்கே அது செய்த ஓர் ஏற்பாடு பாராட்டத்தக்கது. நெடுநாள் முன் திறந்த பழைய கணக்குகளுக்கு ஒரு குவியலும், புதிய கணக்குகளுக்கு வேறொரு குவியலும் ஒதுக்கப்பட்டன. தணிக்கையாளர் நேற்றுத் திறந்த பத்தாயிரம் கணக்குகளால் புதிய குவியலை மட்டுமே காலி செய்ய முடியும். ஐந்தாண்டுக்கு முன் திறந்த கணக்கை இன்று உருவாக்க எவராலும் இயலாது. பயனரிடம் எதையும் கேட்காமல், கடந்து போன காலத்தையே காவலாக நிறுத்தும் வழி இது.

முகவரி வழங்கும் இடத்தைக் காத்தால் மட்டும் போதாது. 2011ஐ ஒட்டிச் சீனாவின் இணையத் தடுப்பு அமைப்பு வேறொரு தந்திரத்தைக் கையாளத் தொடங்கியிருந்தது. நாட்டுக்குள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்பு ஒன்று ஐயத்துக்குரியதாகத் தோன்றினால், சில நிமிடங்களில் ஒரு நிரல் அதே முகவரிக்குப் போய், டோர் பயனர் போல நடித்துக் கதவைத் தட்டிப் பார்க்கும். கதவு திறந்தால் அது பாலம் என்று உறுதியாகி அடைக்கப்படும். இதற்கு விடையாக 2014இல் வந்தது ஓபிஎஃப்எஸ்4 என்ற வகை. முன்னே பார்த்த நீண்ட முகவரியின் இறுதியில் இருந்த பொருளற்ற சரம்தான் அதன் சாவி. முதல் செய்தியிலேயே அந்தச் சாவியை அறிந்ததற்கான அடையாளம் இல்லையென்றால் பாலம் பதிலே சொல்லாது. தட்டியவருக்கு ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டியது போலிருக்கும். 'பாட்' நிரல்களை உண்மையாகவே தடுத்து நிறுத்திய கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்லலாம், அதுவும் பயனர் மீது ஒரு புதிரைக்கூடச் சுமத்தாமல். முகவரியை யாரோ ஒருவர் முறையாகக் கேட்டு வாங்கிக் காட்டிக்கொடுத்தால் மட்டுமே இதன் காவல் தகரும்.

காட்டிக்கொடுப்பவரைக் கண்டறிய எழுந்தவைதான் நம்பிக்கை வழி முறைகள். 2013இல் ஆர்பிரிட்ஜ், 2016இல் சால்மன், அண்மையில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்ட்ஸி டல்லாக், இயன் கோல்ட்பர்க் ஆகியோர் உருவாக்கிய லாக்ஸ் என்பவை இவ்வழியில் முக்கியமானவை. ஒருவருக்குக் கொடுத்த பாலம் நெடுங்காலம் தடுக்கப்படாமல் இருந்தால் அவர் மீதான நம்பிக்கை உயரும், அவர் பிறரை அழைத்து வரலாம். தடுக்கப்பட்டால் அப்பாலத்தை அறிந்திருந்த எல்லோருடைய நம்பிக்கையும் குறையும். ஊரில் சீட்டுப் பிடிப்பவர் புதியவரைச் சேர்க்கும்போது, யார் சொல்லி வந்தார் என்று பார்ப்பதற்கு ஒப்பானது இது. சீட்டு நடத்துபவரிடம் பெயர்களின் நோட்டு இருக்கும். அந்த நோட்டு கைப்பற்றப்பட்டால் அனைவரும் அகப்படுவர். லாக்ஸ் முறையில் மறையாக்கக் கணிதத்தின் துணையால், வழங்கும் கணினிக்கே யார் யாரை அழைத்தார் என்று தெரியாதபடி, நம்பிக்கைச் சான்று பயனரிடமே இருக்கிறது. அழகான தீர்வுதான், ஆயினும் ஒருவரையும் அறியாமல் தனியே நிற்பவருக்கு அழைப்பு எங்கிருந்து வரும் என்ற கேள்வி இதில் மிச்சம் இருக்கிறது. தணிக்கையின் கடுமையை அதிகம் உணர்பவர் பெரும்பாலும் அத்தகையவரே.

கேட்பவரின் கணினி ஒரு கடினமான கணக்கைப் போட்டு முடித்த பிறகே கதவைத் திறப்பது என்றொரு யோசனையும் உண்டு. டோரின் வேறொரு சேவையில், தாக்குதல் நேரத்துக்கு மட்டும் என்று, 2023 முதல் அது நடைமுறையில் உள்ளது. பாலங்களுக்கு அது ஏற்றதன்று. விலையுயர்ந்த கணினி ஒரு நொடியில் முடிக்கும் கணக்கு மலிவான செல்பேசியின் மின்கலத்தை உறிஞ்சிவிடும். அதுவும் சுங்கம்தான்.

இவை அனைத்திலிருந்தும் வேறுபட்ட பாதையில் போவது ஸ்னோஃப்ளேக். பாலம் அரிதாக இருப்பதால்தான் அதைக் காக்க வேண்டியிருக்கிறது. எண்ண முடியாத அளவுக்குப் பாலங்கள் தோன்றித் தோன்றி மறைந்தால் பூட்டே தேவைப்படாது என்பது அதன் அடிப்படை. பாலமாக இருப்பது நாள் முழுதும் இயங்கும் கணினியாக இருக்க வேண்டியதில்லை. தடையற்ற இடத்தில் ஒருவர் திறந்து வைத்திருக்கும் இணைய உலாவியே சில நிமிடங்களுக்குப் பாலமாகிறது. காணொளி அழைப்புக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி என்ற அதே தொழில்நுட்பத்தில் இணைப்பு நிகழ்வதால், அதை ஒட்டுமொத்தமாகத் தடுத்தால் நாட்டின் காணொளி அழைப்புகளும் நின்றுபோகும். 2021 ஜூலையில் டோர் உலாவியில் எல்லோருக்கும் வழங்கப்பட்ட இதில், ஒரு நாளில் இயங்கும் தற்காலிகப் பாலங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. தணிக்கையாளரின் பாட் எத்தனை முகவரிகளையும் கேட்டுக்கொள்ளலாம். அது பட்டியலிட்டு முடிக்கும்போது அவற்றில் பல மறைந்து புதியவை வந்திருக்கும். பயனரிடம் புதிரும் இல்லை, முகவரி வரியும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 2022 செப்டம்பரில் மஹ்சா அமீனியின் மரணத்தை அடுத்து ஈரானில் எழுந்த போராட்டங்களின்போது இதன் பயனர் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது. குறைகள் இல்லாமல் இல்லை. இணைப்பு மெதுவானது, பயனரையும் பாலத்தையும் சேர்த்துவைக்கும் தரகு நிரலை எட்ட, பெரிய மேகக் கணினி நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் ஒளிந்து செல்ல வேண்டியிருக்கிறது, கூகுளும் அமேசானும் 2018இல் அவ்வழியை மூடியது போல மற்றவையும் மூடக்கூடும், இணைப்பு தொடங்கும் விதத்தில் உள்ள சிறு தனித்தன்மையைக் கண்டுபிடித்து ரஷ்யாவும் ஈரானும் சில காலம் இதைத் தடுத்ததும் உண்டு. ஒவ்வொரு முறையும் தனித்தன்மை திருத்தப்பட்டது.

இந்தப் பாலத்தைத் தருவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு மேசைக் கணினியின் உலாவியில் ஸ்னோஃப்ளேக் நீட்சியைச் சேர்த்துவிட்டு, வழக்கமான வேலையைத் தொடரலாம். வந்து போகிறவரின் போக்குவரத்து டோரின் மற்றக் கணினிகள் வழியேதான் இறுதித் தளத்தை அடையும் என்பதால், உதவுபவரின் முகவரி எந்தத் தளத்திலும் பதிவாவதில்லை. உலாவியின் மூலையில் பனித்துகள் வடிவில் ஒரு சிறு குறி இருக்கும். யாரேனும் அவ்வழியே கடக்கும்போது அதன் நிறம் மாறும். குறியைச் சொடுக்கினால், கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தார்கள் என்று ஓர் எண் தெரியும். அவர்களுடைய பெயரோ ஊரோ அங்கே இருக்காது.